அனுமதிப்பத்திரம் கையில், முதல் வேலை எங்கே? ஒக்லாந்தில் புதிய பாரவூர்திச் சாரதிகள்

கடந்த ஒரு வருடமாக எமது வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரும் கடதாசிகளின் வகை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் வரிப் படிவம், வீட்டுக்கடன் விண்ணப்பம், பிள்ளையின் பல்கலைக்கழகக் கொடுப்பனவு என்று வரும். இப்போது அதிகம் வருவது சாரதி வேலை ஒப்பந்தங்கள். வணிகமாணி படித்தவர்கள், இங்கே ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சில வருடங்கள் இருந்தவர்கள் என்ற காரணத்தால் எம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவற்றைக் கொண்டுவந்து தருகிறார்கள்.

மவுண்ட் றொஸ்கிலில் இருந்து வந்த ஒரு தம்பி சொன்னது இது. "அண்ணை, கிளாஸ் 2 எடுத்து ஏழு மாசமாச்சு. எல்லா இடமும் ரெண்டு வருச அனுபவம் கேக்கினம். ஓட விட்டால்தானே அண்ணை அனுபவம் வரும்?" நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தார். இரண்டு இடங்களில் இருந்துதான் பதில் வந்தது. இரண்டிலும் "இல்லை" என்றுதான். மூன்றாவதாக, அவர் விண்ணப்பிக்காத ஓரிடத்தில் இருந்து தொலைபேசி வந்தது. அனுபவம் தேவையில்லை, அடுத்த திங்களே தொடங்கலாம், ஆனால் வானை நீங்களே வாங்க வேண்டும் என்றார்கள். அந்த ஒப்பந்தத்துடன்தான் அவர் வந்திருந்தார்.

அந்த இரண்டு கதவுகளையும் பற்றி எழுதுவதே நோக்கம். ஒன்று ஏன் திறக்கவில்லை, மற்றது ஏன் இவ்வளவு இலகுவாகத் திறந்தது.

முதலில் காலம். 2020, 2021 இல் எல்லைகள் மூடியிருந்தபோது நியூசிலாந்தில் சாரதிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. 2022 யூலையில் அங்கீகரிக்கப்பட்ட தொழில்வழங்குநர் விசா வந்த பின் வெளிநாடுகளில் இருந்து அனுபவமுள்ள சாரதிகள் வரத் தொடங்கினார்கள். அதன் பிறகு பொருளாதாரம் படுத்தது. வீடு கட்டுவது குறைந்தால் மரமும் சீமெந்தும் ஓடாது, கடைகளில் விற்பனை குறைந்தால் பலெட்டுகள் ஓடாது. 2025 செப்டெம்பர் காலாண்டில் வேலையின்மை 5.3 வீதம். "சாரதிக்கு இங்கே எப்போதும் தட்டுப்பாடு" என்று கோயிலிலும் கலியாண வீட்டிலும் இன்றைக்கும் சொல்லப்படுவது மூன்று நான்கு வருடத்துக்கு முந்திய செய்தி. அதை நம்பிப் பயிற்சிக்குப் பணம் கட்டியவர்கள் பலர்.

அந்தப் பாதையே நீளமானது. ஊர் அனுமதிப்பத்திரம் கையில் இல்லாமல் அகதியாக வந்தவர் லேர்னர், றெஸ்றிக்டட், ஃபுல் என்று கார் அனுமதிப்பத்திரத்தையே முதலில் இருந்து எடுக்க வேண்டும். ஃபுல் கிடைத்து ஆறு மாதம் போன பின்தான் கிளாஸ் 2 லேர்னருக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சான்றிதழ் வேண்டும். லேர்னராக ஆறு மாதம், அல்லது அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி. மாங்கெரே அகதிகள் மீள்குடியேற்ற நிலையத்தில் வந்திறங்கிய நாளில் இருந்து எண்ணினால் இரண்டு வருடம் சாதாரணமாகப் போய்விடும். நவுறுவிலும் அவுஸ்திரேலியாவிலும் காத்துக் கிடந்தவர்களை வருடத்துக்கு 150 பேர் வீதம் மூன்று வருடங்களுக்கு ஏற்க 2022 மார்ச்சில் உடன்பாடு வந்தது. அந்த வழியால் வந்தவர்களின் வேலை வரலாற்றில் பத்து வருட வெறுமையும் சேர்ந்திருக்கும். அதை எந்த சுயவிபரக் கோவையில் எப்படி எழுதுவது?

இவ்வளவும் முடித்தவரை நிறுவனம் ஏன் எடுப்பதில்லை? நிறத்தையும் பெயரையும் காரணமாகச் சொல்வோம். அது இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கணக்குப் பிரிவில் இருந்து பார்த்தபோது எமக்குத் தெரிந்த பெரிய காரணம் காப்புறுதிக் கோவைக்குள் இருந்தது. பல பாரவூர்திக் காப்புறுதிகளில், அனுபவம் குறைந்த சாரதி விபத்துக்குள்ளானால் நிறுவனம் தன் கையில் இருந்து கட்ட வேண்டிய முதல் தொகை கூடும். சில ஒப்பந்தங்களில் சாரதியின் பெயரைக் காப்புறுதிக்காரர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். பத்து வாகனம் வைத்திருக்கும் ஒரு முதலாளிக்குப் புதுச் சாரதி என்றால் சம்பளம் மட்டும் செலவல்ல. உடையப்போகும் ஒரு டெயில் லிப்ட், கூரை விளிம்பில் கிழியப்போகும் ஒரு பெட்டி, கடை வாசலில் சாயப்போகும் ஒரு பலெட் எல்லாம் அவர் மனக்கணக்கில் வந்துவிடும். "இரண்டு வருட அனுபவம்" என்ற விளம்பர வரி பெரும்பாலும் முகாமையாளரின் சொந்த விருப்பமல்ல, காப்புறுதித் தரகர் சொல்லிக்கொடுத்த எண்.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 2020 செப்டெம்பர் 18 அன்று மணிக்கு 127 கிலோமீற்றர் வேகத்தில் வீசிய காற்று ஒக்லாந்து துறைமுகப் பாலத்தில் ஒரு பாரவூர்தியைத் தள்ளிச் சாய்த்தது. அது பாலத்தின் பாரந்தாங்கும் உருக்குத் தூண் ஒன்றை இடித்துச் சேதப்படுத்தியதால் சில வழித்தடங்கள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தச் சாரதியில் பிழை சொல்ல இதை எழுதவில்லை. வெறும் பெட்டியோடு பாலத்தில் ஏறுவது எப்படியிருக்கும் என்பதைப் பரீட்சையில் தேறிய கையோடு யாருக்கும் தெரிந்திருக்காது என்பதற்காகச் சொல்கிறோம்.

ஊரில் இதற்கு ஒரு வழி இருந்தது. லொறிக்குக் கிளீனராக ஏறுவது. 2002 இல் ஏ9 திறந்த பின் 2006 ஓகஸ்டில் மூடும் வரை யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வெங்காயமும் மரக்கறியும் மீனும் ஏற்றிய லொறிகளில் எத்தனை பெடியள் கிளீனராக ஏறிச் சாரதியாக இறங்கினார்கள்! சாமான் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, ரயர் மாற்றி, பின்னுக்கு எடுக்கும்போது கீழே நின்று குரல் கொடுத்து, வெறும் வீதியில் ஒரு நாள் ஸ்ரியறிங்கைப் பிடித்து. யாரும் இரண்டு வருட அனுபவம் கேட்கவில்லை, அவர்கள் கண் முன்னாலேயே அந்த இரண்டு வருடமும் போயிருக்கும்.

இங்கே கிளீனர் என்றொரு வேலை இல்லை. ஆனால் அதன் வேலைகள் பிரிந்து பிரிந்து வேறு பெயர்களில் இருக்கின்றன. எம்மவர்கள் அவற்றைச் "சாரதி வேலை இல்லையே" என்று தாண்டிப் போகிறார்கள். தளபாடம் இடம்மாற்றும் பாரவூர்திகளில் கூடப் போகும் ஒவ்சைடர், குப்பை வண்டியின் பின்னால் ஓடுபவர், பென்றோஸிலும் விரியிலும் உள்ள களஞ்சியங்களில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுபவர், விடிய நான்கு மணிக்கு மரக்கறி மொத்தக் கடையில் பெட்டி ஏற்றுபவர். நாம் இருந்த நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த சாரதிகளில் வெளி விளம்பரத்தால் வந்தவர்களை விட, உள்ளே களஞ்சியத்தில் நின்று ஒரு நாள் "வழமையான ஆள் வரவில்லை, நீ கிளாஸ் 2 வைத்திருக்கிறாய் அல்லவா?" என்று கேட்கப்பட்டு ஏறியவர்கள்தான் கூட. ஆறு மாதம் தெரிந்த ஒருவருக்காக முகாமையாளர் காப்புறுதிக்காரரிடம் தொலைபேசி எடுத்துப் பேசுவார். முகம் தெரியாத விண்ணப்பத்துக்காக அந்த அழைப்பை எடுக்க மாட்டார்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. ஃபுல் கிளாஸ் 1, அதாவது சாதாரண கார் அனுமதிப்பத்திரம், 6,000 கிலோ வரையான பாரவூர்தியை ஓட்ட உரிமை தருகிறது. ஊரில் நாம் பார்த்த அதே ஈசுசு எல்ஃப் வகை. கிளாஸ் 2 அதற்கு மேல் 18,000 கிலோ வரை. ஆகவே கிளாஸ் 2 வரும் வரை காத்திராமல், சிறிய பாரவூர்தியில் ஒரு வருடம் கடைகடையாக இறக்கித் திரிந்த அனுபவம் பின்னர் பெரியதற்குக் கேட்கும்போது எண்ணப்படும். தெரிந்த ஒருவர் தன் சுயவிபரத்தில் "வன்னியில் பன்னிரண்டு வருடம் லொறி" என்று முதல் வரியில் எழுதியிருந்தார். அதை உறுதிப்படுத்த இங்கே ஆளில்லை. பாபடோய்டோயில் மூன்று மாதம் சின்ன வண்டியில் பாண் விநியோகித்தது கடைசி வரியில் கிடந்தது. அவற்றை இடம் மாற்றச் சொன்னோம். வன்னியை அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியில் விசாரிக்கக்கூடிய வேலை மேலே வரவேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். ஒக்ரோபர் முதல் நத்தார் வரை சரக்கு நெருக்கடி. தற்காலிக ஆட்களைத் தேடும் காலம் அது. சனவரியில் கட்டட வேலைகள் விடுமுறையில் படுத்துவிடும். வேர்க் அன்ட் இன்கம் உதவியில் இருப்பவர் ஃபிளெக்சி-வேஜ் என்ற மானியத்தைப் பற்றித் தன் அதிகாரியிடம் தாமாகவே கேட்க வேண்டும். புதியவரை எடுக்கும் தொழில்வழங்குநருக்கு அரசு சம்பளத்தில் ஒரு பங்கைத் தரும் ஏற்பாடு அது. இந்த மானியத்துக்குத் தகுதி உண்டு என்று நேர்முகத்தில் சொல்வது வெட்கப்படும் விடயமல்ல. முதலாளியின் கணக்கில் புதுச் சாரதியால் வரும் நட்டப் பக்கத்துக்கு எதிராக வைக்க ஒரு வரவுப் பதிவு அது.

வேலை கிடைத்த பின் 90 நாள். 2023 டிசெம்பர் 23 முதல் எல்லாத் தொழில்வழங்குநர்களும் 90 நாள் பரீட்சார்த்த காலம் வைக்கலாம் என்றாகிவிட்டது. அந்த நாட்களுக்குள் நிறுத்தினால் நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிட முடியாது. இதை நாம் விரும்பவில்லை. ஆறாவது கிழமையில் ஒரு கண்ணாடி உடைந்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரை அறிவோம். ஆனாலும் அந்த விதி இருப்பதால்தான் சில முதலாளிகள் புதியவரைத் தொட்டுப் பார்க்கத் துணிகிறார்கள் என்பதையும் மறைக்க முடியாது. வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் இல்லாவிட்டால் அந்த நிபந்தனை செல்லாது. ஆகவே முதல் நாளுக்கு முன் ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும்.

இரண்டு வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாரவூர்திச் சாரதி 24 மணித்தியாலத்தில் 13 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஐந்தரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை அரை மணி ஓய்வு, நாளுக்குப் பத்து மணித்தியாலத் தொடர் ஓய்வு, மொத்தம் 70 மணித்தியாலம் வேலை செய்த பின் 24 மணித்தியால விடுமுறை. இரவில் அலுவலகம் துப்புரவு செய்வதோ பெற்றோல் நிலையத்தில் நிற்பதோ அந்தக் கணக்கில் சேரும். லொக்புக்கில் அதை எழுதாமல் விடுவது பொய்ப் பதிவு.

இனி அந்த இலகுவாகத் திறந்த கதவு.

தம்பியின் ஒப்பந்தம் பதினான்கு பக்கம். வானுக்கு 38,000 டொலர், "ஓட்டத்துக்கு" என்று வேறாக 15,000. சீருடையும் வானில் நிறுவனச் சின்னமும் அவர் செலவு. காலை ஆறு மணிக்கு டிப்போவில் நிற்க வேண்டும். வேறு யாருக்கும் சாமான் ஏற்றக்கூடாது. சுகமில்லையென்றால் பதில் சாரதியை அவரே பிடித்து அவரே சம்பளம் கொடுக்க வேண்டும். நிறுவனம் இரண்டு கிழமை அறிவித்தலில் முடித்துக்கொள்ளலாம், 15,000 திரும்பாது. இவ்வளவுக்கும் நடுவில் "நீங்கள் ஒரு சுயாதீன ஒப்பந்தக்காரர், ஊழியரல்லர்" என்று ஒரு வாக்கியம். அவர் மனைவியின் சீட்டு அடுத்த மாதம் விழவிருந்தது. தாலிக்கொடி தவிர்ந்த நகைகளுக்கு விலையும் கேட்டாயிற்று.

நாம் ஒரு வெள்ளைக் கடதாசியை எடுத்தோம். கிழமைக்கு ஜீஎஸ்ரி நீங்கலாக 1,900 டொலர் வரும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். பார்க்கப் பெரிய தொகை. கிழமைக்கு 1,000 கிலோமீற்றர் ஓட்டம் என்று வைத்தோம். டீசல் வானுக்கு வீதிப் பயன்பாட்டுக் கட்டணம் 1,000 கிலோமீற்றருக்கு 76. டீசல் 100 லீற்றர், லீற்றர் 2 டொலர் என்று 200. வான் தவணை 300, காப்புறுதி 60, ரயரும் திருத்தமும் 80, ஏசிசி கட்டணமும் தொலைபேசியும் கணக்காளர் செலவும் 40. கூட்டினால் 756. மிச்சம் 1,144. நாளுக்குப் பதினொரு மணித்தியாலம், ஐந்து நாள், 55 மணித்தியாலம். மணிக்கு 20 டொலர் 80 சதம், அதுவும் வரிக்கு முன். 2025 ஏப்ரலில் நாட்டின் ஆகக்குறைந்த சம்பளம் 23.50 ஆக இருந்தது. ஒப்பந்தக்காரருக்கு அந்தச் சட்டம் இல்லை. நான்கு கிழமை வருட விடுமுறை, பன்னிரண்டு பொது விடுமுறை, பத்து நாள் சுகவீன விடுமுறை, கிவிசேவரில் தொழில்வழங்குநர் பங்கு ஒன்றுமில்லை. காய்ச்சலில் படுத்தாலும் வான் தவணை படுக்காது. அந்த 15,000 ஐ நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சேர்த்தால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாது.

இங்கே நாம் சொல்ல வருவது இதுதான். முதல் கதவை மூடியதும் இரண்டாவதைத் திறந்ததும் ஒரே காரணம். நட்டத்தை யார் சுமப்பது என்ற கேள்வி. ஊழியராக எடுத்தால் புதியவரின் பிழைக்கு நிறுவனம் கட்ட வேண்டும். ஆகவே அனுபவம் கேட்கிறது. வானும் காப்புறுதியும் நோயும் விபத்தும் சாரதியின் தலையில் என்றால் அனுபவம் எதற்கு? சொந்த வானோடு நல்லாக உழைப்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். வழிகள், வாடிக்கையாளர், வானின் செலவு எல்லாம் தெரிந்து ஐந்தாறு வருடத்தின் பின் இறங்கியவர்கள் அவர்கள். அதை முதல் வேலையாக எடுத்தவர்களில் நன்றாக இருப்பவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2000 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உறவுகள் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, கடதாசியில் என்ன பெயர் இருந்தாலும் உறவின் உண்மைத் தன்மையைப் பார்க்கச் சொல்கிறது. 2020 மே மாதத்தில் வேலைவாய்ப்பு நீதிமன்றம், பார்சல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்கு வான் ஓடிய, சமோவாவில் இருந்து வந்த ஒரு கூரியர் சாரதியை ஊழியர் என்று தீர்ப்பளித்தது. ஆங்கிலம் அவருடைய முதல் மொழியல்ல. ஒப்பந்தக்காரர் என்றால் என்னவென்று தெளிவாக விளங்காமலே கையெழுத்திட்டவர். எம்மவர்களுக்குப் பழக்கமான கதை. ஊபர் சாரதிகள் நால்வரின் வழக்கு மேல்முறையீடுகளைத் தாண்டி, 2025 நவம்பரில் உயர் நீதிமன்றத்திலும் சாரதிகளுக்குச் சாதகமாக முடிந்தது. ஃபேர்ஸ்ட் யூனியனும் ஈ டூ யூனியனும் அவர்களோடு நின்றன.

ஆனால் 2025 யூனில் அரசாங்கம் ஒரு திருத்தச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. எழுத்து ஒப்பந்தத்தில் சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று இருந்து, வேறிடத்தில் வேலை செய்யத் தடையில்லாமல் இருந்து, குறித்த நேரத்துக்கு நிற்கும் கட்டாயம் இல்லாமல் அல்லது வேறொருவரை அனுப்பும் உரிமை இருந்து, மேலதிக வேலையை மறுத்ததற்காக நீக்க முடியாமல் இருந்தால், அவர் ஊழியரா என்று நீதிமன்றத்தில் வாதாடும் வழி அடைபடும் என்பதே அதன் சாரம். தம்பியின் பழைய பாணி ஒப்பந்தம் அந்த வலையில் விழாது. வேறு யாருக்கும் ஏற்றக்கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கவலை அடுத்து எழுதப்படும் ஒப்பந்தங்களைப் பற்றியது. "மற்றவர்களுக்கும் வேலை செய்யலாம்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். நாளுக்குப் பதினொரு மணித்தியாலம் சின்னம் ஒட்டிய வானில் ஓடியவருக்கு மற்றவரின் வேலைக்கு நேரம் எங்கே? ஆனால் கடதாசி சரியாக இருக்கும். கையெழுத்திடுமுன் கொம்யூனிற்றி லோ நிலையத்திலோ சிற்றிசன்ஸ் அட்வைஸ் பியூறோவிலோ காட்டினால் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். "இன்றைக்கே கையெழுத்து வேண்டும், வேறு ஆள் காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்துவதும் ஒரு தகவல்தான்.

தம்பி கையெழுத்திடவில்லை. மனைவிக்கு எமது மேல் கொஞ்சம் கோபம். ஏழு மாதத்தில் வந்த ஒரே வேலையையும் கெடுத்தோம் என்று. நியாயமான கோபம், வாடகை கட்டுவது அவர்தான். இரண்டு கிழமை கழித்து அவர் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் விடிய நான்கு மணி ஏற்றுவேலைக்குச் சேர்ந்தார், மணிக்கு 24 டொலர். மூன்றாவது மாதம் சின்ன ஈசுசுவில் ஒட்டாஹுஹுவில் இருந்து பாபகுரா வரை கடைகளுக்கு இறக்க விட்டார்கள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை பெரிய வண்டியின் சாரதி வரவில்லை. அன்று மத்தியானம் முகாமையாளர் இவரது அனுமதிப்பத்திரத்தைப் படம் எடுத்துக் காப்புறுதித் தரகருக்கு அனுப்பினார். பெயரைச் சேர்த்துவிட்டோம் என்று பதில் வந்ததை எமக்கு அனுப்பியிருந்தார் தம்பி. நேரம் விடிய மூன்று நாற்பது.